நைரோபி – லாகோஸ்: போக 3 மணி நேரம், வர 7 மணி நேரமா?

பயணச்சீட்டு:

எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் நைரோபியில் கிளம்பி லாகோஸ் போய், மூன்றாம் நாள் திரும்ப வேண்டும். டிக்கெட் போடும் வேலை என் தலையில். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

தூரம் ஒரு தளத்தில் 3,831 கி.மீ., இன்னொன்றில் 3,835, மூன்றாவதில் வெறும் 2,069. பறக்கும் நேரம் 4 மணி 20 நிமிடம் என்கிறது ஒரு கால்குலேட்டர். ஆனால் எனக்கு வந்த நேரடி விமானம் காலை 9:00க்குக் கிளம்பி 12:10க்கு இறங்குகிறது. அப்படியானால் 3 மணி 10 நிமிடம்தான். திரும்பும்போது 13:10க்குக் கிளம்பி 20:05க்கு வருகிறது, ஏறக்குறைய ஏழு மணி நேரம். எதிர்க்காற்று இவ்வளவா அடிக்கும்?

அடிஸ் அபாபா, கிகாலி, என்டெபே வழியாகவும் டிக்கெட் காட்டுகிறது, விலையும் குறைவு. நேரடியை விட்டால் எவ்வளவு நேரம் போகும்? போய் இறங்கும் அன்றே மாலை 4 மணிக்கு லாகோஸின் விக்டோரியா ஐலண்டில் கூட்டம் வைக்கலாமா?


திசைமானி:

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுவோம். யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை வைத்துப் பார்த்தால் கென்யா +3, நைஜீரியா +1. கோடைக்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இரண்டு நாட்டிலும் இல்லை, ஆகவே வருடம் முழுவதும் வித்தியாசம் 2 மணி நேரமேதான். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கணக்கு. நீங்கள் 12:10க்கு லாகோஸில் இறங்கும்போது நைரோபியில் 14:10. ஆக, போக 5 மணி 10 நிமிடம். திரும்பும்போது 20:05இலிருந்து இரண்டைக் கழியுங்கள்: 4 மணி 55 நிமிடம். உண்மையான வித்தியாசம் கால் மணி நேரம்தான்.

தூரக் கணக்கில் மூன்று தளமும் சரியாகத்தான் சொல்கின்றன. 2,069 என்பது கடல் மைல். 1.852ஆல் பெருக்கிப் பாருங்கள், 3,831 கி.மீ. தாண்டி வந்து நிற்கும். அதைச் சாதாரண மைல் என்று நினைத்து 1.609ஆல் பெருக்கினால் 500 கி.மீ. காணாமல் போய்விடும், நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

3,831க்கும் 3,835க்கும் காரணம் வேறு. முதல் தளம் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாக வைத்துக் கணக்குப் போடுகிறது. இரண்டாவது, பூமி நடுவில் கொஞ்சம் பருத்தது என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ. இந்தத் தடம் அந்தக் கோட்டை ஒட்டியே கிழக்கு மேற்காகப் போவதால் நாலு கிலோமீட்டர் கூடிவிடுகிறது. டிக்கெட் போட இந்த நாலு கிலோமீட்டர் தேவையே இல்லை.

கையால் போட்டுப் பார்க்க விரும்பினால்: நைரோபியின் ஜோமோ கென்யாட்டா விமான நிலையம் தெற்கு 1.32, கிழக்கு 36.93 பாகை. லாகோஸின் முர்தலா முகமது விமான நிலையம் வடக்கு 6.58, கிழக்கு 3.32. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள் (தெற்குக்கு மைனஸ் போட மறக்கக் கூடாது). இரண்டின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கி அதோடு கூட்டுங்கள். 0.8245 வரும். அதற்குரிய கோணம் 34.46 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 3,832. அந்த மைனஸை விட்டுவிட்டால் 60 கி.மீ. வாக்கில் குறைவாக வரும்.


மேலைக்காற்று:

திசைமானி சொன்னது சரி. மிச்சமுள்ள அந்தக் கால் மணி நேரம் ஜெட் ஸ்ட்ரீம், அதாவது உயரத்தில் வேகமாக ஓடும் காற்றோட்டம். மேற்கே போனால் எதிர்க்காற்று, கிழக்கே வந்தால் வால்காற்று. எல்லா நீண்ட தடத்திலும் இப்படித்தான்.


ஓடுபாதை:

இல்லை சார், இந்தத் தடத்துக்கு அது பொருந்தாது. மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் துணை வெப்பமண்டல ஜெட் ஸ்ட்ரீம் இருப்பது 25, 30 பாகை வாக்கில். கெய்ரோ – காசாபிளாங்கா தடம் அதற்குள் வருகிறது. அதுவும் ஏறக்குறைய இதே தூரம்தான், 3,680 கி.மீ. குளிர்காலத்தில் அங்கே போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் ஒரு மணி நேரம் வரை இடைவெளி விழும். நைரோபி – லாகோஸ் தடமோ தெற்கு 1 பாகைக்கும் வடக்கு 7 பாகைக்கும் நடுவே கிடக்கிறது. இங்கே உயரத்தில் வீசுவது பெரும்பாலும் மெலிந்த காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழைக்காற்று ஜெட் என்று ஒன்று இந்தியப் பெருங்கடல் பக்கமிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை நீளும். அது லாகோஸ் போகிறவர்களுக்குத்தான் உதவி. சராசரி 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வால்காற்று கிடைத்தால் 12 நிமிடம் மிச்சம். மேலைக்காற்று சொல்வதற்கு நேர் எதிர்.

அப்படியானால் கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது? அட்டவணையில் விமான வகை என்ற கட்டத்தைப் பாருங்கள். இந்தத் தடத்தில் போயிங் 737-800உம் ஓடும், 787-8உம் ஓடும். 738 அல்லது 73எச் என்று இருந்தால் முதலாவது, 788 என்றால் இரண்டாவது. 737 மாக் 0.78 (ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு) வாக்கில் போகும், 455 நாட். 787 மாக் 0.85, 487 நாட் கிட்டத்தட்ட.

நேர்க்கோட்டுத் தூரத்தை எந்த விமானமும் அப்படியே பறப்பதில்லை. கிளம்பும் முறை, வான்வழிப் புள்ளிகள், இறங்கும் சுற்று எல்லாம் சேர்த்து 3 சதவீதம் கூட்டினால் 2,130 கடல் மைல். மேலே ஏற 20 நிமிடம், இறங்க 24 நிமிடம். இவை இரண்டிலுமாக 250 மைல் கழிந்துவிடும். மிச்சம் 1,880 மைல். 737க்கு 4 மணி 8 நிமிடம், 787க்கு 3 மணி 52 நிமிடம். தரையில் கிளம்பும்போது 12, இறங்கியபின் 6 நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 737க்கு 5:10, 787க்கு 4:54. உங்கள் டிக்கெட்டில் இருப்பது இதுதான். போவது 737, வருவது 787 என்றே நினைக்கிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல, வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த வாசலில் நிற்கும் வரையுள்ள நேரம். கால்குலேட்டர் 3,831ஐ மணிக்கு 885 கி.மீ. என்று வகுத்து 4:20 என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். ஏறுவதும் இறங்குவதும் தரையில் உருள்வதும் அதில் இல்லை. இந்த மாதிரித் தளங்கள் தரும் எண்ணோடு முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொண்டால் ஆப்பிரிக்காவின் நடுத்தரத் தடங்களுக்குப் பெரும்பாலும் சரியாக வரும்.


மேலைக்காற்று:

ஒப்புக்கொள்கிறேன். நான் வடக்கு அட்லாண்டிக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டேன். வழியில் காங்கோவுக்கு மேலே இடி மேகம் நிறைய என்பார்களே, அதைச் சுற்றிப் போவதில் எவ்வளவு நேரம் போகும்?


ஓடுபாதை:

நல்ல கேள்வி, ஆனால் விடை சின்னது. முதலில் தடம்: நைரோபியை விட்டால் விக்டோரியா ஏரி, என்டெபே பக்கம், பிறகு காங்கோ ஜனநாயகக் குடியரசின் வட பகுதி. வழியின் சரிபாதி அங்கேதான், வடக்கு 2.7 பாகை, கிழக்கு 20.2 பாகை. அப்புறம் காங்கோ குடியரசின் வட மூலை, கேமரூன், நைஜீரியாவின் தென் பகுதி, லாகோஸ். பாதி வழி மழைக்காட்டுக்கு மேலே. பிற்பகலிலும் முன்னிரவிலும் இடி மேகங்கள் 45,000 அடி தாண்டி எழும்பும். மேலே ஏறித் தாண்டும் பேச்சுக்கே இடமில்லை, பக்கவாட்டில்தான் விலக வேண்டும்.

300 மைல் நீளத்துக்கு, நடுவில் 60 மைல் வரை விலகிப் போய்த் திரும்பினால் கூடுதல் தூரம் எவ்வளவு என்று முக்கோணம் போட்டுப் பாருங்கள்: 23 மைல். மூன்று நிமிடம். ‘சுற்றிப் போனதால் முக்கால் மணி நேரம் தாமதம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாமதம் லாகோஸ் மேலே வரிசையில் நிற்கவைப்பதில் வரும், இல்லாவிட்டால் கிளம்பும் இடத்திலேயே.

காங்கோ வானில் ரேடார் வசதி குறைவு, தொலைதூரப் பேச்சுக்கான எச்எஃப் ரேடியோவில் இரைச்சல் அதிகம். அதனால் விமானிகள் 126.9 மெகாஹெர்ட்ஸில் தாங்கள் எங்கே, எந்த உயரத்தில், எத்தனை மைல் விலகுகிறோம் என்று ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டே போவார்கள். ஆப்பிரிக்க வானுக்கென்று ஐயாட்டா (விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம்) வகுத்த முறை அது. மேற்கே போகிறவர்களுக்கு 34,000, 36,000, 38,000 அடி. கிழக்கே வருகிறவர்களுக்கு 35,000, 37,000. விலகும்போது எதிரே வருகிறவரோடு குறைந்தது ஆயிரம் அடி இருக்கும்.

நைரோபியில் இன்னொரு சங்கதி. விமான நிலையம் 1,624 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் என்றால் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கை தூக்கத் தேவையான காற்று கிடைக்க, விமானம் தரையில் 12 சதவீதம் வேகமாக ஓட வேண்டும். கருவி 150 நாட் காட்டும்போது சக்கரம் 168 நாட்டில் உருளும். என்ஜின் உந்துவிசையும் குறைந்திருக்கும். ஓடுபாதை 4 கி.மீ.க்கு மேல் நீளம், ஆகவே ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் உச்சி வெயிலில் முழு பாரத்தோடு நீண்ட தூரம் கிளம்பும் விமானத்தில் எடையைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் சரக்கு நிற்கும், அடுத்து பெட்டிகள். காலை 9 மணி விமானம் அந்த வகையில் நல்ல தேர்வு. லாகோஸ் கடல் மட்டத்தை ஒட்டியே இருப்பதால் திரும்பும்போது இந்தத் தொல்லை கிடையாது.


மூட்டைமுடிச்சு:

மாறிச் செல்லும் வழிகளுக்கு நான் வருகிறேன். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

என்டெபே ஏறக்குறைய நேர்க்கோட்டின் மேலேயே கிடக்கிறது. நைரோபி – என்டெபே 521, என்டெபே – லாகோஸ் 3,312. மொத்தம் 3,833 கி.மீ. நேராகப் போவதை விட ஓரிரு கிலோமீட்டர்தான் கூடுதல். கிகாலி வழி 758 + 3,125 = 3,883, ஐம்பது கி.மீ. கூடுதல். அடிஸ் அபாபா வழிதான் உண்மையில் சுற்று: வடக்கே 1,164 ஏறி, அங்கிருந்து 3,916. மொத்தம் 5,080. அடிஸிலிருந்து லாகோஸ், நைரோபியிலிருந்து லாகோஸை விடத் தூரம் என்பதைக் கவனியுங்கள். அங்கே போய் ஒரு கிலோமீட்டர்கூட நெருங்கவில்லை, விலகித்தான் போயிருக்கிறோம்.

ஆனால் தூரத்தை வைத்து நேரத்தை முடிவு செய்யக் கூடாது. என்டெபே வழியில் இரண்டு விமானங்களும் சேர்த்து வாசல் கணக்கில் 5:45 வாக்கில் ஆகும், கிகாலி வழியும் கிட்டத்தட்ட அதே. இரண்டு முறை ஏறி இறங்குவதற்கு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. அதோடு காத்திருக்கும் நேரம். என்டெபேயிலிருந்து லாகோஸ் விமானம் தினமும் கிடையாது. கிகாலியிலும் உங்கள் நாளுக்கு இணைப்பு பொருந்தி வர வேண்டும், இல்லையென்றால் ராத்தங்கல். அடிஸ் வழி வாசல் கணக்கு ஏழரை மணி நேரம். ஒன்றரை மணி நேரக் காத்திருப்போடு ஒன்பது. தூரம் அதிகமானாலும் அடிஸில் விமானங்கள் அதிகம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. எனக்கு நாள் நெருக்கடி இருந்தால் ஐம்பது கி.மீ. சுற்றுள்ள கிகாலியை விட ஆயிரத்து இருநூறு கி.மீ. சுற்றுள்ள அடிஸ்தான்.

எந்த வழியானாலும் இரண்டு துண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். விலை குறைகிறதே என்று தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். பெட்டியை எடுக்க நடுவில் உள்ள நாட்டின் குடியேற்றப் பிரிவைத் தாண்ட வேண்டிவரும், அதற்கு விசாவும் கேட்கலாம்.

நேரடி விமானங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று அடுத்த கேள்வி வரும். எந்த நிறுவனம் வாரத்துக்கு எத்தனை முறை பறக்கலாம் என்பதை இரண்டு நாடுகள் தனியாகப் பேசி முடிவு செய்யும் பழைய முறையே இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அதைத் தளர்த்த 1999இல் யமூசுக்ரோ தீர்மானம் வந்தது, 2018இல் ஒற்றை ஆப்பிரிக்க விமானச் சந்தை என்று அறிவித்தார்கள். காகிதத்தில் இருக்கும் வேகம் களத்தில் இல்லை.

தரை வழி கேட்கவே வேண்டாம். லாகோஸ் – மொம்பாசா நெடுஞ்சாலை என்று வரைபடத்தில் 6,260 கி.மீ.க்கு ஒரு கோடு உண்டு. நடுவில் காங்கோ காட்டுக்குள் சாலை பெயரளவில்தான்.


பயணச்சீட்டு:

பார்த்துவிட்டேன். போவது 73எச், வருவது 788. ஓடுபாதை அண்ணா சொன்னது அப்படியே! நேரடியே போடுகிறேன். நாலு மணிக் கூட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே?


மூட்டைமுடிச்சு:

எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லையே. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் அன்றைக்குக் கூட்டம் வைக்காதீர்கள். சகாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் தூசியும் அதிகாலைப் பனியும் சேர்ந்து லாகோஸில் பார்வைத் தூரத்தைக் குறைத்துவிடும். இறங்க முடியாவிட்டால் விமானம் அக்ரா, கோட்டோனூ, லோமே என்று எங்காவது போய் நிற்கும். கோட்டோனூ லாகோஸிலிருந்து நூறு கி.மீ. சொச்சம்தான், ஆனால் எரிபொருள் நிரப்பி, அனுமதி வாங்கி, விமானிகளின் பணி நேரம் மிச்சமிருந்து திரும்புவதற்குள் அரை நாள் போய்விடும். பயணிகளை இறங்கவும் விடமாட்டார்கள். நண்பகலில் பொதுவாகத் தெளிந்துவிடும். ஆனால் காலையில் தேங்கிய விமானங்கள் வரிசையில் நிற்கும்.

மற்ற மாதங்களில்: 12:10 இறக்கம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, குடியேற்றம், பெட்டி எல்லாம் முடிய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். விமான நிலையம் இக்கெஜாவில். அங்கிருந்து விக்டோரியா ஐலண்டுக்கு மூன்றாவது மெயின்லேண்ட் பாலம் வழியாகப் போவார்கள், பாலம் மட்டுமே 11.8 கி.மீ. மதியத்தில் ஒரு மணி நேரம், கூடினால் ஒன்றரை. மூன்று, மூன்றேகாலுக்குப் போய்ச் சேரலாம். நாலு மணிக் கூட்டம் நடக்கும். ஆனால் உங்கள் ஆட்களின் உடம்புக்கு அது மாலை ஆறு மணி, விடியற்காலை ஐந்துக்கு எழுந்தவர்கள். ஆறு மணிக்கு மேல் இழுக்காதீர்கள், அந்த நேரத்தில் பாலத்தில் திரும்புவதும் கொடுமை.

நைரோபியில் ஊருக்குள்ளிருந்து கிளம்பும்போது எக்ஸ்பிரஸ்வேயில் காசு கட்டிப் போங்கள். வெஸ்ட்லேண்ட்ஸிலிருந்து மொம்பாசா சாலையின் நெரிசலுக்கு மேலேயே போய்விடலாம். விமான நிலையத்துக்குள் நுழையுமுன் சாலையிலேயே ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு, பயணிகள் காரிலிருந்து இறங்கி நடந்து போக வேண்டும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். 9 மணி விமானத்துக்கு 6 மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.


திசைமானி:

டாக்ஸிக்கு நேரம் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. சுவாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படும், நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. ‘சா மோஜா’ என்றால் ‘ஒரு மணி’, ஆனால் அது காலை 7. ‘சா தாத்து’ என்றால் மூன்று, அது காலை 9. ஆறு மணி நேர வித்தியாசம். ஆங்கிலத்தில் பேசினால் பிரச்சினை இல்லை. சுவாஹிலியில் பேசிக் காட்ட ஆசைப்பட்டு 5 மணிக் காருக்கு ‘சா தானோ’ என்று சொல்லிவிட்டால் கார் 11 மணிக்குத்தான் வரும். 5 மணிக்கு ‘சா குமி நா மோஜா’, அதாவது பதினொன்று. குறுஞ்செய்தியில் 05:00 என்று எழுதிவிடுவது உத்தமம்.


மூட்டைமுடிச்சு:

மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. கென்யா, நைஜீரியா இரண்டுமே இந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. நைஜீரியாவிலிருந்து திரும்பும்போது நைரோபியில் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். நேற்றுப் போட்டுக்கொண்டு இன்று பறக்க முடியாது. 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும், அட்டையில் பழைய பத்து வருடக் கெடு அச்சாகியிருந்தாலும் சரி. அட்டையிலுள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஷியலை விரித்து எழுதுவதில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல் வரும்.

உங்கள் ஆட்கள் அந்த வாரமே ஊருக்கு வருவதாக இருந்தால் இந்தியாவிலும் இதே அட்டை வேண்டும். அட்டை இல்லாமல் இறங்கினால், நோய் உள்ள நாட்டை விட்டுக் கிளம்பி ஆறு நாள் முடியும்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னையிலிருந்து யாரையாவது புதிதாக அனுப்புவதாக இருந்தால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

லாகோஸில் கடையில் தரும் பிளாஸ்டிக் பையோடு நைரோபியில் இறங்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். 2017இலிருந்து அங்கே தடை. விமான நிலையத்திலேயே போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். துணிப்பை ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.